கேனின் அடியில் தண்ணீர்

இந்த விஷயத்தை எனக்குச் சொன்னது ஒரே ஒரு ஆள். அவன் சொன்னதை நான் ஆறு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நடந்து ஏழு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் சந்தேகப்படவில்லை. முதல் வருஷம் நம்பினேன். நம்பி ஒருத்தனை வேலையைவிட்டு அனுப்பினேன். அதனால் நான் சொல்வதை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

பையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி வையுங்கள் சார். வாடை கண்டக்டர் மூக்கில் பட்டால் பையோடு உங்களையும் இந்த வளைவிலேயே இறக்கிவிடுவார். கார்புரேட்டர்தானே உள்ளே? பிரஷ் கட்டரா, புல் வெட்டும் மெஷினா? எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். கெட்டுப்போன பெட்ரோலுக்கு ஒரு நாற்றம் உண்டு. நல்ல பெட்ரோல் மூக்கில் ஏறும். இது நாக்கில் வந்து உட்காரும், பழைய வார்னிஷ் மாதிரி. அதுவும் போக, நீங்கள் போனில் பேசியது இந்தப் பஸ்ஸுக்கே கேட்டது. தோட்டக்காரன் பெட்ரோலைத் திருடி விற்றுவிட்டு, குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறான், மேட்டுப்பாளையம் மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும், திரும்பி வந்ததும் அவனை அனுப்பிவிடுகிறேன் என்றீர்கள். உங்கள் தோட்டம், உங்கள் ஆள். எனக்கென்ன. ஆனால் முன்னால் லாரி மடக்கிக்கொண்டு நிற்கிறது. குஞ்சப்பனையில் லாரி நின்றால் அரைமணிக்குக் குறைந்து எடுக்க மாட்டார்கள். அதுவரை கேளுங்கள்.

கோத்தகிரிக்கு மேலே ஒரு குடியிருப்பு. பெயர் எதற்கு? பனி, தூறல், மேகம் என்று ஏதாவது ஒன்று வைத்திருப்பார்கள். நாற்பத்திரண்டு வீடு. எல்லாரும் ரிடையரானவர்கள். கீழே இருந்தவரை வெயிலைத் திட்டிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, மேலே வந்து குளிரைத் திட்டுகிறவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் புல்தரை. நடுவில் பொதுவாக ஒரு பெரிய புல்தரை. அங்கே நான்தான் மேற்பார்வை. என் பெயர் பூபாலன். அதற்குமுன் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் பத்தொன்பது வருஷம் ஜெனரேட்டர் பகுதியில் இருந்தேன். மில்லை மூடினார்கள். மேலே வந்தேன்.

சங்கத் தலைவர் சந்தானம் சார். பேங்கில் பெரிய பதவியில் இருந்தவர். காலையில் நடக்கப் போகும்போது சட்டைப்பையில் ஸ்கேல் வைத்திருப்பார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. குனிந்து புல்லை அளப்பார். ஒன்றரை அங்குலம் தாண்டினால் என்னைக் கூப்பிடுவார். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் காகிதத்தில் குறை கண்டுபிடித்த கண் அது. காகிதம் போனதும் புல்லுக்கு வந்துவிட்டது.

மூன்று புல் வெட்டும் மெஷின், நான்கு பிரஷ் கட்டர். அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஒரே ஆள். யோகராசு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்திருந்தோம், பெண்டாட்டியோடு அதில் இருந்தான். வேலைக்காரன்தான், அதைச் சொல்லியாக வேண்டும். மற்றவன் பத்துத் தடவை கயிற்றை இழுத்துத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மெஷின் அவனுக்கு ஒரே இழுப்பில் கிளம்பும். ஆனால் தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அதுதான் எனக்குப் பிடிக்காது. தெரிந்தவன் பேசாமல் இருக்க வேண்டும். நான் இருக்கவில்லையா?

அங்கே நான் போனதும் கொண்டுவந்த முதல் ஒழுங்கு என்ன தெரியுமா? மழைக்காலத்தில் எல்லா டேங்க்கும் நிறைந்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மாதம், சில வருஷம் மூன்று மாதம், ஈரத்தில் புல் வெட்ட முடியாது. மெஷினெல்லாம் ஷெட்டில் கிடக்கும். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்று குளிரில் வியர்த்து, தகரத்தில் துரு பிடிக்கும். நிறைந்திருந்தால் காற்றுக்கு இடமில்லை, துருவுக்கும் இடமில்லை. மில்லில் டீசல் டேங்க்கை அப்படித்தான் பத்தொன்பது வருஷம் காப்பாற்றினேன். ஷெட் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் நானே எழுதிவைத்தேன்: 'மழைக்காலத்தில் எந்த டேங்க்கும் காலியாக இருக்கக் கூடாது.' எழுத்து நன்றாக வந்திருந்தது. சந்தானம் சாரே பாராட்டினார்.

அந்த வருஷம் புரட்டாசி முடிகிற சமயம், சந்தானம் சாரும் நானும் ஷெட்டுக்குப் போகிறோம். யோகராசு ஒரு மெஷினை ஓடவிட்டு, பெட்ரோல் போகிற குழாயை அடைத்துவிட்டு நிற்கிறான். அது இருமி, இருமி, விக்கி நின்றது. அடுத்த மெஷினுக்குப் போகிறான்.

“என்ன யோகராசு, பட்டினி போட்டுக் கொல்றியா?” என்றேன்.

“காய விடுறேன் சார். டேங்க்கை வடிச்சிட்டேன். கார்புரேட்டர்லயும் சொட்டு இல்லாம நின்னாத்தான் மழைக்கு நல்லது.”

“சுவத்துல என்ன எழுதியிருக்கு?”

அவன் சுவரைப் பார்த்தான். “அது டீசலுக்குச் சரி சார். இப்ப வர்ற பெட்ரோல் பழைய பெட்ரோல் இல்ல. தண்ணியைக் குடிக்குது. ரெண்டு மாசம் நிரப்பி வச்சா காத்துல இருக்க ஈரத்தையெல்லாம் இழுத்துக்கிட்டு, தண்ணி தனியாப் பிரிஞ்சு அடியில நிக்கும். நிக்கிற இடத்துல துருதான்.”

“பெட்ரோல் தண்ணி குடிக்குதா? அப்புறம் டிபன் எத்தனை மணிக்குச் சாப்பிடும்?”

சந்தானம் சார் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருந்தாலும் அவன் சொல்றதுலயும் விஷயம் இருக்கலாம் பூபாலன், கேட்டு வையுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபமே இல்லை. அன்று மத்தியானமே ஏழு டேங்க்கையும் கழுத்துவரை நிரப்பச் சொன்னேன், அவ்வளவுதான். நிரப்பினான். ஒரு வார்த்தை பேசாமல் நிரப்பினான். ஷெட்டில் இருபது லிட்டர் தகர கேன் இரண்டு இருந்தது, அதையும் நிரப்பச் சொன்னேன். அப்போது மட்டும், “கேன் மூடியில ரப்பர் செத்துப்போச்சு சார்” என்றான். “உன்கிட்ட ரப்பரைக் கேட்டேனா?” என்றேன்.

மழை வந்தது. அந்த வருஷம் மார்கழி பாதிவரை விடவில்லை. துணி காயாது, உப்பு கரையும், சுவரில் கை வைத்தால் கை நனையும். உங்களுக்குத் தெரியாததா.

ஜனவரியில் வெயில் வந்தது. இருபத்தாறாம் தேதி கொடியேற்றம். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் வெள்ளை உடுத்திக்கொண்டு பெரிய புல்தரையில் நிற்பார்கள். கீழேயிருந்து சொந்தக்காரர்களையெல்லாம் வரவழைத்திருப்பார்கள். சந்தானம் சார் பேசுவார். தேசத்துக்கு ஒன்றரை அங்குலத்தில் புல் வேண்டும். பத்து நாள் முன்னால் மெஷினை எடுத்தோம். ஏழில் ஒன்றும் கிளம்பவில்லை. யோகராசு இழுத்தும் கிளம்பவில்லை. ஒன்று மட்டும் நான்கு நிமிஷம் ஓடி, புகையைக் கக்கிவிட்டு நின்றது.

கார்புரேட்டரைத் திறந்தால் கிண்ணத்தில் டீத்தண்ணி நிறத்தில் ஏதோ நிற்கிறது. அலுமினியத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. பெட்ரோல் சீறிவருகிற ஜெட் ஓட்டை துருத்தூளால் அடைத்துக் கிடக்கிறது. டேங்க்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் செங்கல்பொடி தூவினமாதிரி இருந்தது. பெட்ரோல் குழாய் ஊறி, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது. கேனிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன். மேலே பெட்ரோல். கீழே முட்டை வெள்ளைக்கரு மாதிரி தனியாக ஒன்று, அசைத்தால் அசைந்தது. தண்ணீர்.

யோகராசு ஜாடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ‘நான் அன்றைக்கே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லாமல் பார்த்தான் பாருங்கள், அதுதான்.

அன்று நான்கு மணி டீக்கு வாட்ச்மேன் துரைக்கண்ணு என்னிடம் வந்தான். காரமடைப் பக்கத்து ஆள். என்னைவிட ஆறு வயது மூத்தவன். நான் ‘நீ’ என்பேன், அவன் ‘சார்’ என்பான். அந்த வேலைக்கு அதுதான் வழக்கம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

“சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாதுங்க.”

“சொல்லு.”

“நம்ம யோகராசு, மழைக்கு முன்னாடி, ஷெட்டுக்குப் பின்னால நின்னுக்கிட்டு பெட்ரோல்ல தண்ணிய ஊத்திட்டிருந்தானுங்க. ஊத்திப்போட்டு நல்லாக் குலுக்கினான். அப்பறம் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தான். எனக்கு என்னமோ ஒருமாதிரி இருந்துச்சுங்க. மெசினு நின்னுபோச்சுன்னாங்க, அதான் சொல்லிப்போடலாம்னு.”

“தண்ணியா ஊத்தினான்?”

“தண்ணிதானுங்க. குழாயில புடிச்சுட்டு வந்தான்.”

“உன் கண்ணால பாத்தியா?”

“பாத்தனுங்க.”

இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். போதும் என்று தோன்றியது. உங்களுக்கும் இரண்டு போதும் என்றுதான் தோன்றியிருக்கும். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? போனில் நீங்கள் எத்தனை கேள்வி கேட்டீர்கள்? நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று.

உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். ‘இயந்திரங்கள் பழுதடைந்ததற்குக் காரணம் பெட்ரோலில் கலந்த தண்ணீர். யோகராசு பெட்ரோலில் தண்ணீர் ஊற்றியதைக் காவலாளி நேரில் கண்டார்.’ இவ்வளவுதான். குலுக்கினான், தூக்கிப் பிடித்தான் என்பதெல்லாம் ரிப்போர்ட்டுக்கு எதற்கு? ரிப்போர்ட் சுருக்கமாக இருக்க வேண்டும். மில்லில் அப்படித்தான் பழகினேன்.

மறுநாள் சங்கத்துக் கூடத்தில் கூட்டம். நாற்காலியில் பன்னிரண்டு பேர். யோகராசு நின்றான். துரைக்கண்ணு வாசலில் நின்றான். அவனை யாரும் உள்ளே கூப்பிடவுமில்லை, எதுவும் கேட்கவுமில்லை. அதற்குத்தான் ரிப்போர்ட் இருக்கிறதே. சந்தானம் சார் வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்னப்பா சொல்றே?”

“நான் தண்ணி கலக்கல சார். அது தானாப் பிரிஞ்ச தண்ணி. ஷெட்ல என்கிட்ட ஒரு பாட்டில் இருக்கு. எடுத்துட்டு வந்தேன்னா அஞ்சு நிமிசத்துல காட்டிருவேன்.”

“பாட்டில் வேறயா!” என்றார் சந்தானம் சார். “அந்தப் பழக்கமும் உண்டா?”

கூடமே சிரித்தது. பதினெட்டாம் நம்பர் வீட்டு அம்மா ஒருத்தர், பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர், “அதான் மெஷின் எல்லாம் தள்ளாடுது” என்றார். இன்னும் சிரிப்பு. நானும் சிரித்தேன். சபையில் எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தன் மட்டும் எப்படி இருப்பது?

யோகராசு குடித்து நான் பார்த்ததில்லை. அதை அங்கே சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவன் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். “நீங்க சொல்லுங்க சார்” என்றான்.

“நான் என்னத்தைச் சொல்றது? பாத்த ஆள் இருக்கு” என்றேன்.

இரண்டே நாளில் அறையைக் காலி செய்தான். பெண்டாட்டி தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள், திரும்பிப் பார்க்கவில்லை. துரைக்கண்ணுதான் கேட்டைத் திறந்துவிட்டான். யோகராசு மட்டும் இரும்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். அழப்போகிறான், இல்லை திட்டப்போகிறான் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“சார், கேனை மட்டும் மாத்திடுங்க. மூடி ரப்பர் போச்சு” என்றான்.

போகும்போதுகூட எனக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறான் பாருங்கள்! அந்த நினைப்பைத்தான் சொன்னேன்.

அவன் போனபிறகு ஷெட்டை ஒழித்தோம். ஜன்னல்கட்டையில் ஒரு பாட்டில் இருந்தது. இருமல் மருந்து பாட்டில், கண்ணாடி. பக்கவாட்டில் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் கோடு கோடாக அளவு போட்டிருந்தான். பெரிய ஆராய்ச்சி! குப்பையில் போட்டேன். நானே போட்டேன்.

கொடியேற்றத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் மெஷின் இரவல் வாங்கிப் புல் வெட்டினோம். ஒன்றரை அங்குலம். சந்தானம் சார் பேசினார். உழைப்பைப் பற்றி.

அவன் போன இடத்திலெல்லாம் எங்கள் சங்கத்துக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார்கள். மலையில் எத்தனை குடியிருப்பு, எத்தனை தோட்டம்? எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள். பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறவன், குடிக்கிறவன் என்றால் யார் சேர்ப்பார்கள்? சங்கத்தில் போனை எடுத்தது நான்தான். பொய் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொன்னேன். கடைசியில் திருப்பூருக்கு, பனியன் கம்பெனியில் மூட்டை தூக்கப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். ஒரே இழுப்பில் மெஷின் கிளப்புகிற கை.

இதுவரை சொன்னதில் நான் எதையும் சந்தேகப்படவில்லை. அடுத்த வருஷம்தான் வந்தது வினை.

புது ஆள் அல்போன்ஸ். மெஷின்களுக்குப் புது கார்புரேட்டர், புது டேங்க். கேனும் புதிதுதான் வாங்கினோம். ஷெட்டுக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் என் இடுப்பில். குளிக்கப் போனால்கூடக் கழற்றவில்லை. மழைக்கு முன்னால் என் கையாலேயே எல்லாவற்றையும் கழுத்துவரை நிரப்பினேன். இந்தத் தடவை எவன் ஊற்றுகிறான் பார்க்கிறேன் என்று பூட்டினேன். ஜனவரியில் திறந்தேன்.

அதே செங்கல்பொடி. கிண்ணத்தில் அதே டீத்தண்ணி. ஜாடியில் அதே வெள்ளைக்கரு.

நான் ஷெட்டில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே சுவரில் சிவப்பு எழுத்து. தண்ணீரை யார் ஊற்றினார்கள்? நானா? அல்போன்சை அனுப்பவா முடியும்? அவனிடம் சாவியே இல்லையே.

கார்புரேட்டர்களைப் பையில் போட்டுக்கொண்டு, உங்களைப்போலவே, இதே பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போனேன். அங்கே காஜா பாய் என்று ஒரு மெக்கானிக். கார்புரேட்டரை மோந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டில் கொண்டுவந்தார். பக்கத்தில் கோடு போட்டிருந்தது. குப்பையில் நான் போட்ட பாட்டிலிலும் அப்படித்தான்.

“பாருங்க பாய்” என்றார். எல்லாரையும் அவர் பாய் என்பார். “இது இன்னிக்குப் பங்க்ல புடிச்ச பெட்ரோல். இந்தக் கோடு வரைக்கும். இப்ப தண்ணி ஊத்துறேன், அடியில பத்தாவது கோடு வரைக்கும் நிக்கணும், சரியா?” ஊற்றினார். மூடியைப் போட்டு நன்றாகக் குலுக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இப்ப பாருங்க, எங்க நிக்குது?”

பத்தாவது கோட்டில் நிற்க வேண்டிய தண்ணீர் பதினெட்டில் நின்றது.

“கூடுனது எத்தனால். கரும்பாலைச் சரக்கு. பெட்ரோல்ல இப்ப அதைக் கலந்துதான் வருது. அதுக்குத் தண்ணின்னா உசிரு. தண்ணி கண்டா பெட்ரோலை விட்டுட்டுத் தண்ணியோட போயிரும். வண்டின்னா தினம் ஓடும், தங்காது. இந்த மாதிரி மெஷினு மாசக்கணக்குல நின்னா அம்புட்டுதான். ஆமா, மழைக்காலத்துல டேங்க்கை நிரப்பி வைக்கச் சொன்ன புத்திசாலி யாரு?”

“எங்க தலைவர்” என்றேன்.

இதே சாலையில் திரும்பி வரும்போது எனக்குத் துரைக்கண்ணு சொன்னது ஞாபகம் வந்தது. நான் ரிப்போர்ட்டில் எழுதாத பாதி. நல்லாக் குலுக்கினான். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தான். இருபது லிட்டர் கேன் நிறைந்திருந்தால் என்ன கனம் இருக்கும்? அதை எவன் தூக்கிக் குலுக்குவான்? தகர கேனை வெளிச்சத்தில் பிடித்தால் என்ன தெரியும்?

அப்படித் தோன்றியது. தோன்றிய அடுத்த வளைவிலேயே வேறு மாதிரியும் தோன்றியது. துரைக்கண்ணு பொய் சொல்லியிருப்பான். யோகராசுவோடு ஏதாவது பகை இருந்திருக்கும். வாட்ச்மேன் வேலையில் இருக்கிறவனுக்கு எதையாவது பார்த்ததாகச் சொன்னால்தானே மரியாதை? அல்லது அவனுக்குக் கண் சரியில்லை. வயசானவன், மங்கலாகப் பார்த்துவிட்டு வந்து உளறியிருப்பான். கிழவன் பேச்சைக் கேட்டு நான் ஏமாந்துவிட்டேன். இப்படி ஆறு வருஷம். ஒரு நாள் பகை என்று நினைப்பேன், ஒரு நாள் கண் என்று நினைப்பேன். கண் என்று நினைத்த நாளில் நன்றாகத் தூங்குவேன்.

கேட்டுவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். கேட்டிலேயேதான் நின்றான். காலையில் ஒரு சல்யூட், மாலையில் ஒரு சல்யூட். கிட்டே போவேன். “என்ன துரைக்கண்ணு, மழை வருமா?” என்று கேட்டுவிட்டு வருவேன். ஆறு வருஷத்தில் அவன் சொன்ன மழையெல்லாம் சரியாகத்தான் பெய்தது.

இதற்கிடையில் டேங்க்கை வடித்துக் காயப்போடுகிற வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டேன். மூன்றாம் வருஷத்திலிருந்து துரு இல்லை. சந்தானம் சார் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். “பூபாலன் சொந்தமா யோசிக்கிற ஆள்” என்றார். கைதட்டினார்கள். ஷெட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்தச் சிவப்பு வரியை மறுபடி எழுதவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே இருக்கிறவர்கள் புல்லை மட்டும்தான் படிப்பார்கள்.

அல்போன்ஸ் ஒருமுறை கேட்டான், “இந்தக் காயப்போடுற வேலையை யார் சார் உங்களுக்குச் சொல்லித் தந்தது?” என்று. “அனுபவம்” என்றேன்.

போன மாதம் துரைக்கண்ணுவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இனிமேல் வேலைக்கு வேண்டாம் என்று மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வாரம் முன்னால் என் அறைக்கு வந்தான், சொல்லிக்கொண்டு போக. ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் தொப்பி. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். பதினாறு வருஷத்தில் என் அறையில் அவன் உட்கார்ந்தது அன்றுதான்.

எனக்குள் ஒரு சந்தோஷம் என்றால் நம்புவீர்களா? புரை! நான் நினைத்தது சரிதான். ஆறு வருஷமாக நான் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. நைசாகக் கேட்டேன்.

“ரொம்ப வருசமாவே கண்ணு மங்கல்தானா? அந்த யோகராசு சமாசாரம் நடந்தப்பவே?”

“இல்லீங்க சார்” என்றான். “இது ரெண்டு வருசமாத்தானுங்க. அப்பவெல்லாம் கேட்டுல நின்னா எதிர்ச் சரிவுல தேயில கிள்ற பொம்பளைங்க சீலை என்ன நெறம்னு சொல்லிப்போடுவனுங்க.”

“யோகராசுமேல உனக்கு ஏதாவது…”

“அய்யோ, அவனாட்டம் பையன் எங்கீங்க கிடைப்பான்? என்ற மகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்ததே அவன் பொண்டாட்டிதானுங்க. அவன் எதுக்குப் போனான்னே எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலீங்க சார். நான் பாத்ததைச் சொன்னேன், நீங்க படிச்சவங்க, பாத்துக்குவீங்கன்னு இருந்துட்டன்.”

கண் போயிற்று. பகை போயிற்று. ஆறு வருஷமாக நான் சாய்ந்துகொண்டிருந்த இரண்டும் ஒரே டீயில் போயிற்று. மிச்சம் இருந்தது நான் அன்றைக்குக் கேட்காமல் நிறுத்திய மூன்றாவது கேள்வி.

லாரியை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. விசில் கேட்கிறது.

உங்கள் தோட்டக்காரனை எனக்குத் தெரியாது சார். அவன் திருடனாகவே இருக்கலாம். எல்லா இடத்திலும் யோகராசு இருக்கமாட்டான். யோகராசுவைப் போய்ப் பார்ப்பீர்களா என்கிறீர்கள். இந்தப் பஸ் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடும். திருப்பூருக்கு அங்கே மாற வேண்டும். மாறுவேனா, திரும்பிவிடுவேனா என்று இன்னும் எனக்கே நிச்சயமில்லை. இதோடு இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிறேன். போன வாரம் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

துரைக்கண்ணு சொன்ன பதிலை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குப் பயன்படாது. கேள்வி பயன்படும். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். வாயில் ‘துரைக்கண்ணு’ என்று வரவில்லை.

“அண்ணே, அன்னைக்கு யோகராசு தண்ணிய ஊத்தினது கேன்லயா, பாட்டில்லயா?”